சாமியின் முதுகு

காலிம்போங்
கார்த்திக் 12, விக்ரம் சம்வத் 2038

அன்புள்ள ஞானசோபாவுக்கு,

கடை நல்லபடி நடக்கிறது. குளிர் இறங்கிவிட்டது. நம் குட்டி மைச்சாவின் இருமல் விட்டதா?

வீட்டுக்கு யாரோ காட்மாண்டுக்காரன் வந்துபோனதாகக் கேள்வி. நீ ஏன் எழுதவில்லை? புனகாஜி என் தம்பிதான். ஆனாலும் அவன்மேல் ஒரு கண் வை. குலத்துக்கே பொதுவான சாமி நம் வீட்டில் இருக்கிறது. காணாமல் போனால் குலச் சங்கத்தார் தள்ளிவைத்துவிடுவார்கள்; நாளைக்கு என் பிணத்தைத் தூக்கக்கூட ஆள் வராது. சாமியறைச் சாவி உன் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது.

உன்
ஆசாகாஜி

பனௌதி
கார்த்திக் 27

என்னவருக்கு நமஸ்காரம்.

மைச்சா தேறிவிட்டாள். நீங்கள் அனுப்பிய கம்பளிச் சட்டை கை நீளம்; மடித்துவிட்டிருக்கிறேன்.

அவன் வந்தது உண்மை. பழைய பாத்திரம் வாங்குகிறவன் என்றான். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, "அக்கா, உங்க சாமிக்கு முதுகுல, இடது தோளுக்குக் கீழ ஒரு வெட்டு இருக்குமே?" என்றான். அந்த அறைக்குள் நான் போனதில்லை. தீட்சை ஆகாததால் உங்கள் தம்பியும் வாசலோடு சரி. மாமா போன பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை வந்து சாமியைக் குளிப்பாட்டுவது நீங்கள் ஒருவர்தான்.

அவனுக்கு யார் சொன்னது? அவன் வந்ததை உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள்
ஞானசோபா

காலிம்போங்
மங்சிர் 9

ஞானசோபா,

உனக்கு எதற்கு இத்தனை கேள்வி? குடித்த வேளையில் யாரிடமாவது உளறியிருப்பேன், விடு.

யோமரி பௌர்ணமிப் பண்டிகைக்கு மைச்சாவோடு பனேபாவில் உன் அம்மா வீட்டுக்குப் போய் வா. சாவியைக் கொண்டுபோய்த் தொலைக்காதே. அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போ. புனகாஜியிடம் மூச்சுவிடாதே. எல்லாம் நம் நல்லதுக்குத்தான்.

ஆசாகாஜி

பனௌதி
மங்சிர் 29

அவருக்கு,

பனேபா போகவில்லை. உங்கள் தம்பியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணனா? அண்ணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பிறகு எழுந்து சங்கத்து மூத்தவர் வீட்டுக்குப் போனார்.

பௌர்ணமியன்று தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. நானும் உங்கள் தம்பியும் மூத்தவரும் மாடியில் ஒளிந்திருந்தோம். அந்தக் காட்மாண்டுக்காரன் வந்தான், நேராக அரிசிப் பானைக்குத்தான் போனான். பிடித்துவிட்டார்கள். "ஆசாகாஜிதான் வரச் சொன்னாரு!" என்று கத்தினான்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். சின்ன வயசில் உங்களைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் அவர். "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"அந்தப் பேர்ல இந்த வீட்டுல யாரும் இல்லீங்க."



சாமி இப்போது அவர் வீட்டில். புனகாஜிக்குத் தீட்சை கொடுக்கப் போகிறார்கள்.

அப்பா எப்போது வருவார் என்று மைச்சா கேட்டாள். பனி விழுந்து பாதை அடைத்திருக்கிறது என்றேன். அடைத்தே இருக்கட்டும்.

ஞானசோபா