ஆரஞ்சுப் படகின் அடிவயிற்றில் ஒரு வெளிச்சம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவின் இரண்டு விரல்களைத் தவிர எல்லோரும் நலம், அங்கே நீயும் உன் கப்பலும் அதன் எஞ்சினும் நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்கச் சொல்கிறாள் அம்மா. இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. பிளாஸ்டிக்கை இளக்கச் சூடான காற்றை ஊதும் நம் ஹீட் கன் அவள் வலது கையைச் சுட்டுவிட்டது, பயப்படாதே, கொப்புளம் வற்றிவிட்டது. நீ எனக்கு வைத்த 'வாத்தியாரம்மா' என்ற பட்டத்தைச் சொல்லி, புத்தகத் தமிழில் எழுதி அவனைக் குழப்பாதே என்றும் எச்சரித்திருக்கிறாள். ஆனால் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் பக்கத்தில் நின்று பார்த்த நானே எழுதுகிறேன்.

பாய்மரப் பள்ளியின் படகுகளைப் பழுதுபார்த்து அனுப்பிய பிறகு, நீ ஓட்டக் கற்றுக்கொண்ட நம் ஆரஞ்சுப் பிளாஸ்டிக் படகைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டோம். வழக்கம்போல அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடிப்பகுதி முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எழும்பி நிற்கும் பிசிறுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு ஹீட் கன்னை மெதுவாக ஓட்டினாள், மெல்லிய கீறல்கள் எல்லாம் உருகி மூடிக்கொண்டு பளபளப்பு திரும்பியது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அண்ணா. வலது பக்கம் வந்ததும் ஓர் இடம் மட்டும் குமிழ் விட்டு எழும்பியது. அம்மா நகத்தால் நெம்பினாள். வண்ணமும் அதன் அடியில் பள்ளத்தை அடைத்திருந்த பட்டியும் பாலாடை போல ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டன. இந்தப் பிளாஸ்டிக்கில் எந்த வண்ணமும் ஒட்டாது, எந்தப் பட்டியும் நிற்காது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தே பூசியிருக்கிறார் என்றால் எவ்வளவு அவசரமாக மறைக்கப் பார்த்திருக்கிறார், யோசித்துப் பார்.

அடியில் இருந்தது மணலில் இழுத்த கீறல் இல்லை. மணல் கீறல் சீப்பால் வாரியது போல நீளவாக்கில் இருக்கும், இது குறுக்காக, என் விரல் புதையும் ஆழத்தில் இருந்தது. அம்மா என்னைக் கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னாள். கவிழ்ந்த படகுக்கு அடியில் நுழைந்து, மேல்தளத்து வட்ட மூடியைத் திருகித் திறந்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டு வைத்தேன். எழுந்து வந்து பார்த்தேன், கீறல் நெடுக வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. அந்த இடத்தில் தபால் அட்டையின் கனம்கூட மிச்சமில்லை. இன்னும் ஒரு தடவை உரசியிருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். அம்மா தடுமாறி மேசையைப் பிடிக்கப் போய், அங்கே வைத்திருந்த ஹீட் கன்னின் மூக்கைப் பிடித்துவிட்டாள். சுட்டதைக்கூட அவள் உடனே உணரவில்லை, அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

போன வருடம் படகில் தலைசுற்றி விழுந்த பிறகு, இடுப்பளவு தண்ணீரைத் தாண்டித் தனியாகப் போக மாட்டேன் என்று மருத்துவர் முன்னாலேயே ஒப்புக்கொண்டவர் அப்பா. அவர் மூன்று கோப்பை டீயோடு உள்ளே வந்து படகைப் பார்த்தார். மணல் கீறியிருக்கும் என்றார். அம்மா கீறலுக்குள் சிக்கியிருந்த ஒரு சிப்பித் துணுக்கை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அது கடலுக்குள் தள்ளி இருக்கும் வெளிப்பாறையில் மட்டுமே ஒட்டி வளர்வது, கரையில் கிடைக்காது. அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் கப்பல் அந்தப் பக்கமா போகுதுன்னு போன்ல சொன்னான்ல. பாத்துட்டு வரலாம்னு போனேன்" என்றார்.

"கப்பல்ல அவன் தெரிஞ்சானா?" என்று கேட்டாள் அம்மா.

"மேல ஒருத்தன் துணி காயப்போட்டுட்டு இருந்தான். அவனாத்தான் இருக்கும்னு கையாட்டினேன். அவனும் ஆட்டினான்."

மறுநாள் அம்மாவால் உருக்கி ஒட்டும் கம்பியைப் பிடிக்க முடியாததால், ஓட்டை விழுந்து கிடந்த ஒரு பழைய படகிலிருந்து அதே பிளாஸ்டிக்கைக் கீற்றாக வெட்டி, அதை அப்பாவே உருக்கிக் கீறலில் நிரப்ப வேண்டியிருந்தது. பஸ் ஓட்டிய கைக்கு இவ்வளவு நடுக்கமா, ரோட்டில் எப்படித்தான் போனீர்களோ என்று அம்மா பக்கத்தில் நின்று வறுத்தெடுத்தாள். கிடைத்தது வெள்ளைக் கீற்றுதான், அதனால் ஆரஞ்சு வயிற்றில் ஒரு வெள்ளைத் தழும்பு. சமமாகச் சுரண்டி, தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்த்து, மறுபடி டார்ச் அடித்தோம். வெளிச்சம் வரவில்லை. அம்மா இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள், அப்போதும் வரவில்லை. எனக்கு இன்னும் கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோடுதான் தெரிகிறது.

தான் கடலுக்குப் போன அன்று காற்று நன்றாகத்தான் இருந்தது என்று சேர்க்கச் சொன்னார் அப்பா. சேர்க்கக் கூடாது என்றாள் அம்மா. நான் சேர்த்துவிட்டேன். இப்போது அப்பா கடைக்குப் போயிருக்கிறார், இனி வருவது அம்மா சொல்வது, ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

கண்ணா, நீ எஞ்சின் ரூம்ல கிடக்கறவன், அந்த நேரத்துல மேல வந்து துணி காயப்போட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதை உங்கப்பாகிட்ட சொல்லிடாதே. போன்ல கேட்டா நீதான்னு சொல்லு. ஆனா அடுத்த தடவை இந்தப் பக்கம் வர்றப்போ தேதியை அவர்கிட்ட சொல்லாதே, என்கிட்ட சொல்லு. இத்தனை வருஷம் படகைத் தேச்சிருக்கேனே தவிர ஒரு நாளும் அதுல ஏறினதில்ல, தண்ணின்னா எனக்குக் குலை நடுங்கும், உனக்கே தெரியும். இந்தத் தடவை நான் முன்னாடி உக்காந்துக்கறேன். உங்கப்பாவைப் பாறையைச் சுத்திக்கிட்டுப் படகை ஓட்டச் சொல்றேன். நீ அந்த ஒரு நேரம் மட்டும் லீவு கேட்டுட்டு மேல வந்து நில்லு.

வேளைக்குச் சாப்பிடு, காதுல பஞ்சு வைக்காம எஞ்சின் பக்கம் போகாதே, நல்லபடியா இருக்கணும்னு மனசார வாழ்த்தறேன். கப்பல்ல கரைப் பக்கம் எதுவோ அந்தப் பக்கமா நில்லு, மாறி நின்னுடாதே.

இப்படிக்கு,
படகில் ஏறப்போகும் உன் அம்மா

(எழுதியது: வாத்தியாரம்மா. எனக்கும் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.)