கொலுப் பார்க்கில் ஒட்டிய வண்டு

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஜானு அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம், டேராடூன் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். இது அம்மாவின் கடிதம்தான். ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், எழுதினாலும் அழுதுவிடுவேன், நீயே எழுது ஹம்சினி என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டு எப்படிப் போயிற்று என்று நீ கேட்கவே இல்லை, அதனால் முதலிலிருந்து எழுதச் சொல்கிறாள்.

கோடை விடுமுறையில் உன் ஆராய்ச்சிக்காக முருகையன் மாட்டுக்கொட்டகையில் நாம் சாணத்தைக் கிளறிப் பிடித்தவற்றில் பெண் வண்டுகள் உன்னோடு போய்விட்டன, ஒரே ஒரு ஆண் வண்டு இருந்த மிட்டாய் டப்பா மட்டும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பீரோ மேலேயே நின்றுவிட்டது. கொலுப் பொம்மைகளை இறக்கியபோது அதுவும் இறங்கியது. "பாவம், இத்தனூண்டு ஜீவனைப் போய் ஊசில குத்தி வெச்சிருக்காளேடி" என்று அம்மா ஊசியை உருவினாள், பிடித்த இடமும் தேதியும் எழுதி நீ அதில் கோத்திருந்த சீட்டு குப்பையோடு போயிற்று. வண்டைக் கொலுவுக்குக் கீழே கடுகு முளைக்கவிட்டிருந்த பார்க்கில், மண் பசுவின் காலடியில் பசை வைத்து ஒட்டினாள். வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் எல்லாம் "எந்தக் கடைல வாங்கினேள், நிஜ வண்டு மாதிரியே இருக்கே" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு ஒரே பெருமை, கடுகோடு அதற்கும் தினம் தண்ணீர் தெளித்தாள். யாரும் இதுவரை விவரிக்காத புது இனம், ஆணின் கொம்பைப் பார்க்காமல் எழுத முடியாது என்று நீ கூப்பிட்டுச் சொன்னபோது கொலு எடுத்தாகிவிட்டது, எறும்புகளும் அவற்றின் வேலையை முடித்துவிட்டன.

ஒரு முன்சிறகும் கொம்பு பாதி ஒடிந்த தலையும்தான் மிச்சம், பஞ்சில் வைத்து அனுப்புகிறேன். பாசிப்பருப்பு அளவுதான் இருந்தது, கரும்பச்சை, வெயிலில் செம்பு நிறம் அடிக்கும். சிறகில் ஏழு கோடுகள், கோடுகளுக்கு நடுவில் மிக மெல்லிய மயிர். கொம்பு பின்பக்கமாக வளைந்து நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது, இதை நான் லென்ஸில் பார்த்தேன், படமும் வரைந்திருக்கிறேன். நான் பார்த்தது சாட்சியாகாது என்று எனக்கும் தெரியும் அக்கா.

முருகையன் மாடுகளை விற்றுவிட்டார், கொட்டகைக்கு சிமெண்டு போட்டு பைக் நிறுத்துகிறார்கள். அப்பா பழைய கரண்டியோடு நங்கநல்லூர் வரை போய்ச் சாணம் கிளறுகிறார். அங்கே பால் கறக்கும் சண்முகவேல், "இன்னா சாரே, மோதிரம் கீதிரம் வுயுந்துடுச்சா, எம்மாம் நேரமா தேடிக்கினு கீற?" என்று கேட்டாராம். சாதாரணக் கறுப்பு வண்டுகள்தான் கிடைத்தன. உன் கட்டுரை நின்றுபோனது அப்பாவின் முகத்தில் தெரிகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் இல்லாமல் ராத்திரி வெளியே போகாதே, தீர்க்காயுசாக இரு என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள்.

அம்மா காபி போட எழுந்து போயிருக்கிறாள், இது நான் எழுதுவது. விஷயம் தெரிந்ததும் நீ "பரவால்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதிலிருந்து அம்மா ஃபோனைச் சமையலறைக்கும் எடுத்துப் போகிறாள். ஒரு நாள் கூப்பிட்டு அவளை நன்றாகத் திட்டிவிடு அக்கா.

அம்மா, அப்பாவுக்காக,
ஹம்சினி