கர்ப்பிணி அட்டையில் ஒரு வரி

3.7.2001
சமூகப்பணி மாணவிகளுக்கு இன்றும் அதையேதான் சொன்னேன்: டாக்டர், நர்ஸ், நீங்கள், எல்லோரும் கர்ப்பிணியின் ஒரே அட்டையில் எழுதுங்கள். குப்பத்துக்குப் போகும் கிராம நர்ஸ் அமிர்தவல்லி முகத்தைச் சுளித்தார். "எல்லாத்தையுமா மேடம்?" எல்லாத்தையும்தான். இந்தம்மாவுக்கு எழுதச் சோம்பல், வேறென்ன!

10.7.2001
மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் என் மாணவி மானசா, செங்கம்மாள் என்ற கர்ப்பிணியைப் பார்த்திருக்கிறாள். ஏழு மாதம். முதுகெல்லாம் பெல்ட் தடம். 'கணவர் அடிக்கிறார்' என்று அட்டையில் எழுதிவிட்டு வந்தாளாம். வகுப்பில் எல்லோர் முன்பும் பாராட்டினேன்.

12.7.2001
கடவுளே. அந்த அட்டை கர்ப்பிணி வீட்டில்தானே இருக்கும்! பதினோரு வருஷமா பாடம் நடத்துறேனே, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

புருஷன் ராமதாஸ் அதைப் படித்துவிட்டுத் துடுப்பால் அடித்திருக்கிறான். கை இரண்டு இடத்தில் முறிவு, மண்டையில் ஒன்பது தையல். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவன் ஓடிவிட்டான். குழந்தைத் துடிப்பு இன்னும் கேட்கிறதாம்.

13.7.2001
ஆஸ்பத்திரி வராந்தாவில் அமிர்தவல்லி மானசாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எனக்கு நாலு மாசமா தெரியும்டீ! எடை பாக்குறேன்னு சொல்லி வாரத்துக்கு ரெண்டு தபா போய்க்கினு இருந்தேன். நான் வருவேன்னுதான் அவன் கொஞ்சமாச்சும் கைய அடக்கிக்கினு கெடந்தான். எழுதித் தொலச்சியே!"

"அவளை விடுங்க. எழுதச் சொன்னது நான்" என்றேன். என்னை அறைந்திருக்கலாம்.

14.7.2001
குழந்தை செத்துவிட்டது. ஆண்.

19.7.2001
செங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய வாயோடு சொன்னாள்: "இன்னாத்துக்கு அழுவுற டீச்சர்? அவன் அட்ச்சான், நீங்க எழுதுனீங்க. ரெண்டு பேருமே என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல."

27.7.2001
இடது கையால் எழுதுகிறேன்.

இன்று செங்கம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். எங்கே போகணும் என்று மூவரும் கேட்டோம். "கல்பாக்கம். அக்கா வூடு." வாசலைத் தாண்டும்போது ராமதாஸ் மீன் கத்தியோடு பாய்ந்தான். அமிர்தவல்லி அவளைப் பின்னால் இழுத்தார், நான் கத்தியைப் பிடித்துவிட்டேன், மானசா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். வாட்ச்மேன்கள் வந்து அவனை மிதித்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் மிதிக்கணும் போலத்தான் இருந்தது. என் வலது உள்ளங்கையில் ஏழு தையல்.

ஸ்டேஷனில் செங்கம்மாள் புகார் சொல்லச் சொல்ல மானசா எழுதினாள். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, "இத எழுதலாமாக்கா?" என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போனாள். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல.