மூன்று பெயரும் சொன்னேனா

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறும் வழி முழுக்க அம்மா என்னை விட்டு முன்னாலேயே நடந்தாள். மாதா கோயில் வாசலில் யாரோ அக்காவை விசாரித்திருக்கிறார்கள். "ஜெசிந்தா இப்ப எந்தக் கோயிலுக்குப் போவுது?" அம்மா, "லுணுகலையில இருக்கு, தூரம்" என்று சமாளித்தாளாம்.

தூரம் உண்மைதான். ஆனால் அக்கா போவது கோயிலுக்கு அல்ல, சபைக்கு. கெவின் மச்சானைக் கட்டி ஆறு மாதத்தில் ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். மூன்று வருடமாகிறது. அன்று நடந்த பேச்சு அப்படியே நினைவிருக்கிறது.

"பொறந்த மாசத்துல ஒனக்கு ஊத்துன தண்ணி காஞ்சா போச்சு?" என்று அம்மா கேட்டாள்.

மச்சான்தான் பதில் சொன்னார். "அது ஞானஸ்நானம் இல்லங்க அத்தை. பாப்பாவோட தலைய நனைச்சது. விசுவாசிச்சு எறங்குறதுதான் ஞானஸ்நானம்."

"நனைச்சதுக்கா நான் வளத்த சேவல அடிச்சு ஃபாதருக்குச் சோறு போட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் கெட்டவர் அல்ல. சபைக்குப் போன பிறகுதான் குடியை விட்டார். அதை அம்மாவும் ஒப்புக்கொள்வாள், மச்சான் இல்லாத நேரத்தில்.

ஜூன் 12

அக்காவுக்குத் திடீரென்று வலி. பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஏழாம் மாதம். பெண் பிள்ளை. ஒரு கிலோ நூறு கிராம்.

ஜூன் 13

கடைக்கு லீவு சொல்ல ஹபீஸ் நானாவுக்கு போன் செய்தேன். பட்டம் வாங்கிவிட்டு பசறையில் அவருடைய போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன். ஒரு வருடமாகிறது. அரசாங்க வேலைக்கு நியமனம் வரும் என்கிறார்கள். "டிகிரிக்காரி, நீ பேசுறது எனக்குக் கேக்கவே இல்ல. லீவுதானே? எடு, எடு" என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்குக் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. அவள் பிழிந்து தரும் பாலைச் சின்னக் கோப்பையில் குறைமாதப் பிள்ளைகளின் வார்டுக்கு நான் கொண்டுபோகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கை நீளம்கூட இல்லை அவள். காலில் கட்டிய துண்டில் அக்காவின் பெயர்தான் எழுதியிருக்கிறது. இவளுக்கு இன்னும் பெயர் இல்லை. சபையில் பிள்ளையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்யும் நாளில்தான் வைப்பார்களாம். கேஷானி என்று வைக்க மச்சானுக்கு ஆசை.

நுரையீரல் முதிரவில்லை என்கிறார் டொக்டர்.

ஜூன் 14

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், எல்லோரும் பார்க்க நடந்தது.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஃபாதரைக் கூட்டிவரப் போகிறேன் என்றாள் அம்மா. மச்சான் மூன்று நாளாக உபவாசம். உதடு வெடித்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னார்.

"வேண்டாங்க அத்தை. பச்சப் புள்ளைக்கு என்ன பாவம் இருக்கு, கழுவுறதுக்கு? வேதத்துல எங்க இருக்குனு காட்டுங்க. நான் இப்பவே போய் ஃபாதர கூட்டியாறேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது. கோயில் சொல்லுது. ரெண்டாயிரம் வருசமாச் சொல்லுது."

"கோயில் சொன்னா தேவன் கேக்கணுமா?"

"அப்ப ஒங்க பாஸ்டர் விஜேந்திரன் சொன்னா மட்டும் கேப்பாரா? நேத்துவரைக்கும் லொறி ஓட்டுன ஆளு!"

"பேதுரு மீன் புடிச்ச ஆளுதானங்க."

பதில் இல்லாதபோதுதான் அம்மா பயங்கரமாகப் பேசுவாள். "புள்ள செத்துப்போச்சுனா?"

மச்சானின் முகம் செத்துப்போனது. "அவிசுவாசமாப் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மதிலருகே போய் முழங்காலில் நின்றார்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபத்துல யாரு வேணாலும் ஊத்தலாம் பிலோ. ஞாயித்துக்கெழம வகுப்புல ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களே. நீ உள்ளுக்குப் போறவ. படிச்சவ."

ஆனால் மத்தியானமே அக்கா இதை எதிர்பார்த்திருக்கிறாள். பால் கோப்பையைக் கையில் தரும்போது சொன்னாள்: "அம்மா ஏதும் சொல்லுச்சுனா செய்யாத. அவருக்குத் தெரியாம எதுவும் வேணாம். எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் காய்ச்சல் கையின் மேல் கை வைத்து.

ஜூன் 15

இன்று செய்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். என் வலது கையை எடுத்து முத்தமிட்டாள். கூசிப்போனேன்.

ஜூன் 16, ஞாயிறு

எழுதிப் பார்த்தாலாவது நினைவு வருகிறதா என்று பார்க்கிறேன்.

நேற்றுக் காலை பிள்ளையின் நிறம் மாறியிருந்தது. டொக்டரும் இரண்டு நேர்ஸ்மாரும் நின்றார்கள். பிறகு கொஞ்சம் தேறியது. எல்லோரும் அடுத்த பெட்டிக்குப் போனார்கள். துடைப்பதற்கு வைத்த, கொதித்து ஆறிய தண்ணீர் பக்கத்தில் இருந்தது. பஞ்சை நனைத்தேன். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டேன். நெற்றியில் பிழிந்தேன். மூன்று சொட்டோ நான்கோ. மரியா என்றேன். வேறு பெயர் வாயில் வரவில்லை. மாதாவின் பெயர்; மாதாவைக் கும்பிடாத சபைக்கார மச்சானுக்கு இதைவிடக் கோபம் வரக்கூடிய பெயர் உலகத்தில் இல்லை.

அதற்குப் பிறகு? பிதா, சுதன், பரிசுத்த ஆவி — மூன்று பெயரும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது ஞானஸ்நானமே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் மூன்று பெயரும் சொன்னேனா? "இயேசுவின் நாமத்தினாலே, ஆமென்" என்று சொன்னதுபோலவும் இருக்கிறது. அக்கா வீட்டில் எல்லா ஜெபமும் அப்படித்தான் முடியும். இந்த நாலு நாளும் அக்கா கட்டிலருகே அதற்குத்தான் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்ஸ் திரும்பினார். கையை இழுத்துக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எப்போது கேட்டிருக்கிறது?

அம்மா பொறுக்கவில்லை. பூசைக்கு முன்பே என்னை ஃபாதரிடம் இழுத்துப்போனாள். "ஃபாதர், எம்பேத்திய இவ காப்பாத்திட்டா. பொஸ்தகத்துல எழுதுங்க."

ஃபாதர் அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நல்ல காரியம் மகள். என்ன வார்த்தை சொன்னீங்க?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பயப்பட வேணாம். ஞாபகம் இருக்கிறத சொல்லுங்க."

"ஞாபகம் இல்ல ஃபாதர்."

சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை கொடுக்கலாம், ஆனால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார். "இப்ப எழுத எனக்கு அதிகாரம் இல்ல. அம்மாவுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஃபாதர் பிறகு எழுதுவார் என்று சொன்னேன். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, சத்தமாகப் பாடினாள்.

ஜூன் 18

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. தானே நடந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்தாள். திரும்பி வந்து, "ஒன்னய மாதிரி நெத்தி பிலோ" என்றாள்.

நெற்றி என்று ஏன் சொன்னாள்?

ஜூன் 21

விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளை போய்விட்டாள்.

ஜூன் 22

தோட்டத்து மயானத்தில், அப்பாவின் குழியிலிருந்து இருபது அடி தள்ளி. பெட்டியை மச்சான் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் கொடுக்கவில்லை.

பாஸ்டர் ஜெபித்தார். சிலுவை நட வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. அம்மா சேலைக்குள் ஒரு சின்ன மரச் சிலுவை கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்த சபைக்காரர் ஒருவர், "வேணாம்மா, வெக்காதீங்க" என்று தடுத்தார்.

அவ்வளவுதான். அம்மா கத்தினாள். "ஏன் வெக்கக்கூடாது? அது ஞானஸ்நானம் வாங்குன புள்ள! எம்மக ஊத்திட்டா! ஆஸ்பத்திரியிலேயே ஊத்திட்டா! அது எங்க கோயில் புள்ள!"

மண் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் நிறுத்திவிட்டார்கள்.

மச்சான் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "நெசமா பிலோ?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். "அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா? எங்களைத் தொடவே விடலியே..." திரும்பிக்கொண்டார்.

அக்கா அழவில்லை. "சத்தியம் பண்ணுனியேடி" என்றாள்.

சிலுவையை அம்மா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அந்தத் தண்ணீரால் ஏதும் ஆகியிருக்குமோ. நுரையீரல் என்றுதான் டொக்டர் சொன்னார். நுரையீரல்தான். ஐயோ, நுரையீரல்தானா?

ஜூன் 26

அக்காவின் போன் எடுபடவில்லை. என் நம்பருக்கு மட்டும்.

ஜூலை 6

சத்தியத்தை மீறியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்தது. வெளியே வந்தபோது மழை. எதுவும் குறையவில்லை.

ஜூலை 11

ஹபீஸ் நானா இன்று கேட்டார்: "நீங்க ரெண்டு கூட்டமும் ஒரே ஆளத்தானே கும்புடுறீங்க? பொறவு என்ன சண்ட?"

பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தவள். "தண்ணிதான் நானா" என்றேன். அவர் எங்கள் லயத்துக் குழாயைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, "அது எல்லாத் தோட்டத்துலயும் உள்ளதுதான்" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

பிள்ளை போய் ஒரு மாதம். அம்மா பூசைக்குப் பெயர் கொடுத்திருந்தாள், மரியா என்று. ஃபாதர் "இறந்துபோன ஒரு குழந்தைக்காக" என்று மட்டும் வாசித்தார். வாசிக்கும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அது அவருடைய இரக்கம் என்று எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்குப் புரியவில்லை. "பேர ஏன் வாசிக்கல? கண்ணு தெரியலியா ஃபாதருக்கு?"

அந்தப் பக்கம் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள். இந்தப் பக்கம் வைத்த பெயர் வைத்ததா இல்லையா தெரியவில்லை. புத்தகம் இரண்டிலும் அவள் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா கொழுந்து பறிக்கையில் வெட்டுப்பட்ட விரலில் துணி சுற்றிக்கொண்டு, "என்னா இருந்தாலும் மோட்சத்துல இருக்கு, அது போதும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஜூலை 24

அக்கா கடைக்கு வந்தாள்.

ஹபீஸ் நானா தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா அடையாள அட்டையை நீட்டி, "ரெண்டு கொப்பி" என்றாள், தெரியாத ஆள்போல. எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றாள். இளைத்திருந்தாள். சட்டையில் மார்புப் பக்கம் ஈரம் காய்ந்த தடம். பால் இன்னும் நிற்கவில்லைபோல.

"அவரு கீழ டயருக்குக் காத்து அடிக்கிறாரு. சீக்கிரம் சொல்லு. என்னா பேரு வச்ச?"

"மரியா."

"மரியாவா?" ஒரு கணம் பழைய அக்கா. "வேற பேரே கெடைக்கலியாடி ஒனக்கு?" உதடு சிரிக்கப் போய் நடுங்கியது. "என்ன சொல்லி ஊத்துன? சும்மா ஊத்துனேன்னு சொல்லாத. சொன்னத அப்படியே சொல்லு."

தெரியாது அக்கா. ஞாபகமில்லை அக்கா. அதுதான் உண்மை.

அவள் முகத்தைப் பார்த்தேன். சண்டைக்கு வந்த முகம் அல்ல. ஆற்றில் இறங்கியவள், சபையில் சாட்சி சொன்னவள் — அந்த மூன்று வருடமும் அந்த முகத்தில் இல்லை.

சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெளிவாக, சத்தமாக: "மரியா, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

அக்காவின் உதடும் கூடவே அசைந்தது. சபையில் மகனைக் குமாரன் என்பார்கள். கோயிலில் சுதன். அவள் உதடு சுதன் என்றது.

"தண்ணி ஓடுச்சா? ஒட்டிக்கிட்டு நிக்கலியே?" தண்ணீர் ஓடாவிட்டால் செல்லாது என்று ஞாயிறு வகுப்பில் இருவரும் படித்ததுதான்.

"ஓடுச்சுக்கா. காதுகிட்ட வரைக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். பிறகு முகத்தைத் துடைத்தாள். "நான் வந்தத அம்மாகிட்ட சொல்லாத. அவர்ட்ட நான் சொல்ல மாட்டேன்." படியில் இறங்கும்போது திரும்பாமலே, "இனி வர மாட்டேன் பிலோ" என்றாள்.

மேலிருந்து பார்த்தேன். மச்சான் ஆட்டோவுக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் கொடுத்தார். குடித்தாள். போய்விட்டார்கள்.

கொப்பி இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

ஜூலை 27

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். என்ன சொல்வது? தேவனுடைய பெயரை வைத்துப் பொய் சொன்னேன் என்று சொல்லலாம். வருத்தப்படுகிறீர்களா என்று ஃபாதர் கேட்பார். வருத்தமில்லாமல் மன்னிப்புக் கேட்க முடியாது. அக்கா மறுபடி வந்து கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழும்பினார்கள். பாவத்தைச் சொல்லாமல் வாங்கக் கூடாது என்று நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, முழங்காலில் நின்றபடியே கேட்டாள்: "ஏன்டி போகல?"

"தேத்தண்ணி குடிச்சிட்டேன்மா" என்றேன். நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் வாயில் படக் கூடாது.

மூன்று ஞாயிறாக இதைத்தான் சொல்கிறேன். இன்று காலை அம்மா தேத்தண்ணீரே போடவில்லை.