கரண்ட் விடுவதற்கு முன்பே அழுத்திய பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

ஒரு வேடிக்கை கேள். எங்கள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர்களுக்கு விரல் மரத்துப்போயிருக்கிறதா என்று போன வாரம் சோதித்தார்கள். பயப்படாதே, சும்மா சோதனைதான். விரலில் பட்டை ஒட்டி, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். தோலில் சுருக்கென்று தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். நானோ எவ்வளவு தாங்குகிறேன் என்று பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்துவிட்டேன். எறும்பு கடிக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா பதறிப்போய் நிறுத்தினார். அவருக்கு உன் வயது இருக்கும்.

"வலிச்சா சொல்ல மாட்டியா? உன்னை யாரு தாங்கச் சொன்னது?"

மறுபடி ஆரம்பிக்கப் பட்டையைச் சரிசெய்தபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சட்டென்று பொத்தானை அழுத்திவிட்டேன்.

"இன்னும் கரண்டே விடலையேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எனக்கு ஏதோ தெரிந்ததே அம்மா, அது பொய்யில்லையே. என்னவென்றுதான் இன்னும் விளங்கவில்லை. இங்கே வந்த ஒன்றரை வருஷத்தில் இதற்கு முன் என் கையை யார் பிடித்தார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

சித்தி மகன் வரும்போது இரண்டு தலையணை உறையும், நீ போர்த்திக்கொள்கிற பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. ஷிப்டுக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகள்

பி.கு.: போர்வையைத் துவைத்துவிடாதே. இங்கே மெஷின் இருக்கிறது, நானே துவைத்துக்கொள்கிறேன்.