தகரத் தட்டா, வலைத் தட்டா

24-7-89, காலை

என்னங்க,

மொட்டைமாடிச் சாவியைத் தேட வேண்டாம், என் இடுப்பில் இருக்கிறது. ஏலக்காய் எடுப்பைப் பார்க்க முதல் ஜீப்பில் குரங்கணி மலைத் தோட்டத்துக்குப் போகிறேன்.

மாடியில் டிஷ் ஆண்டெனா மாட்ட ஆள் பத்து மணிக்கு வருவார். நேற்று கடைக்காரர் இரண்டு தினுசு சொன்னார்: ஒன்று முழுத் தகரம், ஒன்று கம்பிவலை. ஆடிக் காற்றுக்கு வலைதான் நிற்கும் என்றேன். நீங்கள் அவர் முன்னாலேயே, "ஒனக்கென்னடி தெரியும்? வெரசா காப்பி கொண்டா" என்று சிரித்தீர்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்!

பதினெட்டு வருஷமாக அந்த மாடியில் மிளகு தூற்றுகிறவள் நான். ஆடிக் காற்று சொளகைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். சல்லடையை ஒன்றும் செய்யாது. இதைத் தெரிந்துகொள்ள டெலிவிஷன் படித்திருக்க வேண்டுமா? அவ்வளவு பெரிய தகரம் பறந்தால் யார் தலையில் விழும்?

சோறு வடித்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

சுருளியம்மாள்

வலை என்றால் ஆளை நாளைக்கு வரச் சொல்லுங்கள், நானே மாடியைத் திறந்துவிடுகிறேன். தகரம்தான் வேண்டுமென்றால் குரங்கணிக்கு வந்து சாவியைக் கேளுங்கள். மேலே சாரல், மப்ளர் கட்டிக்கொண்டு வாருங்கள். இந்த வீட்டில் என்னைக் கேட்டு ஒரு காரியமாவது நடக்கட்டும்.