என் பந்தைப் பிடிக்க ஓர் ஆள்

இன்று காலை தேநீருக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். வெளியே உறைபனி. செய்தி முடிந்து விளையாட்டுச் செய்தி வந்தது. எங்கள் நகரத்துப் பெரிய பேஸ்போல் அணி இன்னொரு கச்சரைத் தேடுகிறதாம். பந்து எறிபவனுக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர்தானே கச்சர். இப்போது இருப்பவருக்கு முழங்கால் சரியில்லை, அவருக்குப் பின்னால் நம்பி நிறுத்த ஆள் இல்லை, கோடைக்கு முன்னர் ஒருவரைப் பிடித்தே ஆகவேண்டும் என்று அந்த அறிவிப்பாளர், நாட்டில் அரிசி முடிந்துவிட்டது போலப் பதறினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரிக்க யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் தண்ணீர் பாதி வற்றிவிட்டது. நீர் போய் ஒரு வருடமாகப் போகிறது, ஐசே.

ரெக்ஸ்டேல் தளபாடத் தொழிற்சாலையில் நான் மேசைக்கால் பூட்டினேன், நீர் அடுத்த வரிசையில் நின்று பலகை மினுக்கினீர். சாப்பாட்டு நேரத்தில் லொறிகள் வந்து நிற்கும் பின்பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பழைய ரென்னிஸ் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருப்போம். எங்களுக்குள் பெரிய கதை எதுவும் இல்லை. என்ன கறி, யாருக்குக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அந்தப் பந்து இல்லாவிட்டால் அதுகூடக் கதைத்திருக்க மாட்டோம்.

ஊரில் பள்ளிக்கூட அணிக்கு நான் வேகப்பந்து போட்டவன். ஒரு போட்டியில் நடுவர், நான் கையை மடித்து எறிகிறேன் என்று பந்துக்குப் பந்து நோ போல் கொடுத்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூவினார்கள். அதற்குப் பிறகு நான் கிரிக்கெட் பந்தைத் தொடவில்லை. இந்தக் கதையை உமக்கு நான் சொன்ன அதே கிழமைதான் எங்கள் சுப்பவைசர், அந்த நியூபவுண்லாந்துக் கிழவர், பின்கதவில் நின்று என் கையைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையின் பேஸ்போல் அணிக்கு வா என்று கூப்பிட்டார். கையை மடித்து எறிவதுதான் அங்கே வேலையே. நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்.

"ஐசே, ஊரிலை குற்றமெண்டு சொன்னதை இஞ்சை வந்து கேட்டு வாங்கிறாங்கள்" என்றீர்.

இவனுடைய பந்தை யார் பிடிப்பது என்று கிழவர் கேட்டபோது நீர் கையை உயர்த்தினீர். நீர் உம்முடைய பள்ளிக்கூடத்துக்கு விக்கெற் கீப்பர். அந்த நம்பிக்கையில்தான். முதல் போட்டியில் நடந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கீப்பர் பந்து வரும்வரை குந்தியிருப்பான், பந்து நிலத்தில் குத்தி எழும்பும்போது அவனும் எழும்புவான். இங்கே பந்து குத்துவதில்லை. உமக்கு அது தெரியும், உம்முடைய முழங்காலுக்குத் தெரியவில்லை. நான் எறிய நீர் எழும்பினீர். பந்து உமக்குக் கீழால் போய், பின்னால் நின்ற நடுவரின் முழங்காலுக்குக் கீழே பட்டது. நீர் அவரைக் கைகூப்பிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டீர். அவர் உம்மை ஏதோ மதக்காரர் என்று நினைத்து, தானும் கும்பிட்டார்.

ஆனால் பழகிவிட்டீர். அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் நான் எறிய நீர் பிடித்தீர். அப்போது நான் இருந்த அப்பார்ட்மென்ற் உமக்குத் தெரியும். அங்கே என்னுடன் இருந்த எல்லோரும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்காய் மனைவி வர, பிள்ளைகள் வர, மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனார்கள். என்னிடம் வர ஒருவரும் இல்லை. அம்மா போன பிறகு எனக்கு ஊரில் கடிதம் எழுதவும் ஆள் இல்லை. பேஸ்போலில் மற்ற எல்லோரும் அடிப்பவனைப் பார்த்து நிற்பார்கள். கச்சர் ஒருவன்தான் அந்தப் பக்கம் இருந்து எறிபவனைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தவர் நீர்தான். இதை உமக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

பிறகு உம்முடைய மனைவிக்கு விசா கிடைத்தது. இலை கொட்டி முடிந்து முதல் பனி விழுந்த நாட்கள். கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னீர். மச்சான் ஒரு மணித்தியாலம் தள்ளி ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை எடுத்துத் தருகிறார், வசந்தத்தில் அங்கே போய்விடுவோம் என்று. நான் சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தேன். நீர் இல்லாமல் நான் அந்த அணிக்குப் போகமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறக்க இடமே இல்லை.

அதை நீர் எப்படி அறிந்தீரோ தெரியாது. அடுத்த கிழமையே எனக்கு ஒரு கச்சரைத் தேடத் தொடங்கினீர். கலியாணம் பேசுகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஆள் எந்த ஊர், குடிப்பாரா, எந்த ஷிப்ட், முழங்கால் எப்படி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி வைத்திருந்தீர்: "வேறை இடத்திலை சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ? பிறகு அங்கை போய்விடுவியளோ?" வேலைக்கு ஆள் எடுப்பவன்கூட அதைக் கேட்பதில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் உம்முடைய அப்பார்ட்மென்றின் நிலக்கீழ் பார்க்கிங்கில் ஆள் பார்த்தோம். நீர் பிளாஸ்க்கில் தேநீரும் ஒரு பெட்டி பிஸ்கற்றும் கொண்டுவருவீர். பந்து தூணில் பட்டால் கட்டடம் முழுக்கக் கேட்கும். முதலில் வந்தவர் பிறம்ரனில் உதைபந்தாட்டக் கோல் கீப்பராம். என் பந்துக்குச் சீமெந்துத் தரையில் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்தவர் கண்ணை மூடினார். அதற்கடுத்தவர் நன்றாகவே பிடித்தார், ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன் என்று நீர் கேட்டதற்கு, சும்மா கதைக்கிறார் என்றேன்.

உமக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். "குறையில்லாத ஆள் வேணுமெண்டால் நீர் சுவருக்குத்தான் எறியவேணும்" என்றீர். பிளாஸ்க்கை மூடினீர். "நான் போகத்தான் போறன், ஐசே. உம்மை இப்பிடி விட்டிட்டுப் போகேலாது. விளங்குதே?"

எனக்கு விளங்கியது.

கடைசியில் பெட்டி கட்டும் பகுதியில் இருந்த தவம் வந்தார். மட்டக்களப்புக்காரர். அவரும் கீப்பர், அவரும் எழும்பினார். நீர் அவருடைய தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றீர். நான் எறிய எறிய அவர் எழும்பப் பார்ப்பார், உம்முடைய கை விடாது. "பந்து துள்ளாதெண்டா நான் ஏன் எழும்புற?" என்று தவம் தன்னையே ஏசிக்கொண்டார். பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு நீர் கையை எடுத்தீர். அவர் குந்தி இருந்தபடியே பிடித்தார். "உவர் காணும், இனி உம்மடை பந்தை உவர் பிடிப்பார்" என்றீர் என்னைப் பார்த்து. அந்த மாதமே ஒஷாவா போய்விட்டீர்.

நான் விளையாடினேன். தவம் பிடித்தார். ஒருமுறை நீரும் மனைவியும் வந்து, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தீர்கள். நான் எறிந்து முடித்து உம்மிடம் வந்தபோது "தோள் நோகுதே?" என்று மட்டும் கேட்டீர். இல்லை என்றேன். பிறகு போன் எடுப்பது குறைந்தது. உமக்குக் குடும்பம், வேலை. நான் எடுத்து என்ன சொல்வது என்று நானும் எடுக்கவில்லை. மறந்துவிட்டீர் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு கோடையைக் கழித்தேன், ஐசே.

போன மாசி, வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது உமக்கு நெஞ்சு நொந்ததாம். தவம்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். தவத்தின் காரில் ஒஷாவாவுக்கு வந்தோம். உம்மைக் கோட்டும் ரையும் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நீர் ரை கட்டி நான் பார்த்ததே இல்லை. கும்பிட்டுவிட்டு ஒரு மூலையில் போய் நின்றேன். அங்கே நின்ற எல்லோரும் உம்முடைய உறவுக்காரர். நான் யார் என்று எவராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

உம்முடைய மனைவி எழும்பி என்னிடம் வந்தா. முகம் வீங்கியிருந்தது.

"அண்டைக்குப் பந்து எறிஞ்சவர் நீங்கள்தானே?" என்றா. "தவம் அண்ணை ட்ரக் ஓடப் போறார், இனி ஞாயிறுகளிலை நிக்கமாட்டார் எண்டு கேள்விப்பட்ட நாளிலையிருந்து இவருக்கு நிம்மதியில்லை. உங்களுக்கு ஆள் வேணுமெண்டு திரிஞ்சவர். கோயிலிலை, கடையிலை, கண்ட கண்ட ஆக்களிட்டையெல்லாம் கேட்டவர். எனக்கு வெக்கமாயிருக்கும்."

நான் தவத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தான் போகப்போவதை எனக்கு அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. உமக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்.

உம்முடைய மனைவி வாசல் பக்கம் கையைக் காட்டினா. அங்கே கறுத்தக் குளிர்ச்சட்டையுடன் என் வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியே நின்றார். அழைத்ததும் வந்தார். உம்மை அவர் இரண்டொரு முறைதான் கண்டிருக்கிறாராம். கடையில் பால் வாங்க நின்றவரிடம் போய், கீப்பராய் நின்றனீரோ என்று கேட்டீராம்.

"சனிக்கிழமை உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வாறனெண்டு சொன்னவர்" என்றார் அவர். கொஞ்சம் தயங்கினார். "நான் வரலாமோ இனி?"

எனக்கு அழுகை வந்தது. உம்மைப் பார்த்தபோது வராத அழுகை. அந்தப் புது மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் கையை இழுக்கவில்லை.

அவர் வந்தார். போன கோடை முழுக்க ஒஷாவாவிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து பிடித்தார். இந்தக் கோடையும் வருவேன் என்கிறார். அதிகம் கதைக்கமாட்டார். நானும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் இன்னும் நான் தனிதான், அதில் மாற்றம் இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு சத்தமும் இராது. அந்த நேரங்களில் நான் உம்மை நினைக்கிறேன். விளையாட்டை அல்ல. பால் கடையில், முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால், மனைவி வெட்கப்பட்டு உம்முடைய குளிர்ச்சட்டையைப் பிடித்து இழுக்க, நீர் எனக்காக ஆள் கேட்டுக்கொண்டு நிற்பதை.